வழக்கமான பக்கம்

ஒன்பதாவது செட்டையும் அண்ணி மில்லிலிருந்து கழற்றி மேசைமேல் போட்டாள்.

"இதுவும் குப்பை."

நான் பட்டறை வாசலிலேயே நின்றிருந்தேன். மிளகுத் தூள் காற்றில் இருந்தால் எனக்குத் தும்மல் வரும். ஒன்றோடு நிற்காது. மிளகு மில் விற்கிறவளுக்கு மிளகு ஆகாது என்பதை, பஸ் ஓட்டும் என் அண்ணன், தன் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

"என்ன ஆச்சு அண்ணி?"

"பத்து சுத்து சுத்தினா ஒரு சிட்டிகை தூசி வருது. மிளகு உள்ளேயே உக்காந்து வேடிக்கை பாக்குது."

"ஒன்பது செட்டுமா? கடைக்காரங்க எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு நம்மள ஏமாத்தறாங்களா?"

"பேசி வெக்கணும்னு என்ன இருக்கு? எல்லாக் குப்பையும் ஒரே லாரியில வந்திருக்கும்."

மரத்தைக் கடைவது அண்ணி. ஆர்டர் பிடிப்பதும் பெட்டி கட்டுவதும் பேச்சு வாங்குவதும் நான். அவளுக்கு நான் நாத்தனார். வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. வயது முப்பத்தாறு.

மில் என்றால் சாப்பாட்டு மேசையில் கையால் திருகி மிளகு அரைக்கிற மர உருளை. அதன் மரம் எங்கள் கையில் இருந்தது. உள்ளே இருந்து அரைக்கிற இரும்பு எங்கள் கையில் இல்லை. அதைக் கடைகளில் செட் என்பார்கள். ஒரு தண்டு, தண்டின் நுனியில் பல் வெட்டிய கூம்பு, கூம்பைச் சுற்றிப் பல் வெட்டிய வளையம், ஒரு ஸ்பிரிங், உச்சியில் ஒரு திருகு. அவ்வளவுதான். மரம் எத்தனை அழகாக இருந்தாலும் அந்தக் கூம்பு மிளகைக் கடிக்காவிட்டால் அது மில் இல்லை, பொம்மை.

அண்ணி பதினோரு வருடம் நாற்காலித் தொழிற்சாலையில் கால் கடைந்தவள். ஒரே அளவு, ஒரே வளைவு, ஒரு நாளைக்கு இருநூறு. நாற்காலி செய்கிற இடத்தில் நாள் முழுக்க நிற்கிற ஒரே ஆள் நான்தான் என்பாள். இப்போது இரண்டு மாத விடுப்பில் இருந்தாள். விடுப்பு முடிகிற திங்கட்கிழமை அவள் போய் இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும், அல்லது வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். இரண்டில் எது என்று தீர்மானிக்கப் போவது ஒரே ஒரு ஆர்டர்.

ஊர் நடுவே ஒரு பழைய கட்டடத்தை உணவகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் மரப் படிக்கட்டைப் பெயர்த்துவிட்டார்கள். படிக்கட்டின் தூண்களை எங்களிடம் கொடுத்து, இருபத்து நாலு மேசைக்கும் மேசைக்கு ஒரு மிளகு மில் கேட்டார் அதை நடத்தப்போகும் தலைமைச் சமையல்காரரான செஃப். மரம் அவ்வளவுதான். அதே மரம் வேறெங்கும் கிடைக்காது. இது நன்றாக அமைந்தால் அவருடைய மற்ற இரண்டு உணவகங்களுக்கும் நாங்கள்தான் என்று சொல்லியிருந்தார்.

மரம் கடைந்தாகிவிட்டது. இருபத்து நாலும் அடியில் குழி இல்லாமல் அலமாரியில் வரிசையாக நின்றன. எந்த செட் என்று தெரிந்தால்தான் குழியின் அளவு தெரியும். செட்களைச் சோதிக்க வேறு மரத்தில் சில மாதிரி மில்கள் வைத்திருந்தோம். விடுப்பில் நான்கு வாரம் மிச்சம்.

அண்ணி பட்டறையின் நீளத்தை நடந்து அளந்தாள். எட்டு அடி போய், எட்டு அடி வந்தாள். பிறகு ஒன்பது செட்களில் மூன்றைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

"கிளம்பு. இவருகிட்டதான் எனக்குக் கேள்வி இருக்கு."

அந்த மூன்றும் விலை கூடியவை. விற்ற கடைக்காரர் சமையலறைச் சாமான்களின் உதிரிபாகம் மட்டுமே வைத்திருப்பவர். குக்கர் கைப்பிடி, மிக்ஸி பிளேடு, பிளாஸ்க் மூடி என்று சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். அண்ணி சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் மேசைமேல் இடம் ஒதுக்கினார். ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். தன் மில்லை எடுத்து இரண்டு சுற்று சுற்றினார். மிளகு நறநறவென்று விழுந்தது.

"உங்களுக்குக் கொடுத்த அதே செட்தாம்மா இது."

"காட்டறதுக்கு ஒண்ணு, விக்கறதுக்கு ஒண்ணா?"

கடைக்காரர் கையை நீட்டினார். "நீங்க வாங்கினதைக் கொடுங்க. அதுலயே அரைச்சுக் காட்டறேன்."

அண்ணி பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு? அந்தப் பக்கம் திரும்பி மாத்திக் கொடுக்கவா?"

"முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். என்னைப் பாத்து இப்படி யாரும் கேட்டதில்லை."

"முகத்துக்கு நேரா கேட்டிருக்க மாட்டாங்க."

குக்கர் வளையம் வாங்க வந்த ஒருவர் சிரித்துவிட்டார். கடைக்காரர் தாளை மடித்தார். விழுந்த மிளகை ஒரு டப்பாவில் கொட்டினார். மூடியை அழுத்தி மூடினார். நான் அண்ணியின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

தெருமுனை சைக்கிள் கடையில் விசாரித்தோம். இரும்பில் பல் வெட்டுகிறவர் யாராவது உண்டா?

"பல் டாக்டர்கிட்ட போங்க," என்றார் சைக்கிள்காரர்.

"எங்க பல்லு நல்லாத்தான் இருக்கு."

"அந்தப் பல் இல்லம்மா. கியர் பல்லு. ரயில் பாலத்துக்குக் கீழ பட்டறை. அவரு பேரு அவருக்கே மறந்து போச்சு."

பல் டாக்டர் மெலிந்த மனிதர். அவர் பட்டறையில் எண்ணெய் காய்கிற வாடை. சுவரில் பெரிதும் சிறிதுமாகப் பல் சக்கரங்கள். ரயில் மேலே போகும்போது எல்லாம் சேர்ந்து நடுங்கின. என் பையிலிருந்த அளவுத் தாளை எடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"படம் வேண்டாம். சுத்திக் காட்டுங்க."

அண்ணி கடை செட் மாட்டிய ஒரு மாதிரி மில்லை எடுத்துச் சுற்றினாள். அவர் மில்லைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை."

சுற்றினாள்.

"இதுதான் வழக்கமான பக்கமா?"

"பின்னே? வழக்கமில்லாத பக்கம்னு ஒண்ணு இருக்கா?"

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு இரும்புத் துண்டின்மேல் சாக்குக் கட்டியால் வளைந்த அம்பு ஒன்று போட்டார்.

"உங்க பொருள். உங்க கை," என்றார்.

முதல் செட் ஆறாம் நாள் வந்தது. அண்ணி அதை வேறொரு மாதிரி மில்லில் மாட்டினாள். நான் வாசலுக்குப் போனேன். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கற்கண்டு கடிக்கிற சத்தம்.

"கேட்டுச்சா பாப்பா?"

"கேட்டுச்சு அண்ணி."

"வந்து பாரு."

"அங்கிருந்தே காட்டுங்க."

தட்டைத் தூக்கிக் காட்டினாள். தட்டில் கறுப்பும் வெள்ளையுமாக, ஒரே பருமனில், ஒரு குவியல். அவள் முகத்தில் இத்தனை வாரத்தில் நான் பார்க்காத ஒன்று. சிரிப்பு என்று சொல்ல முடியாது. நிம்மதி என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அடுத்த நிமிடமே, "இருபத்து நாலும் இதே மாதிரி வெட்டுவாரா?" என்று நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

வெட்டினார். அவருடைய வளையம் கடை வளையத்தைவிட ஐந்து மில்லிமீட்டர் அகலம். அதற்கேற்ப அண்ணி இருபத்து நாலு மில்லின் அடியிலும் குழி பறித்தாள். பறித்த குழியை மூட முடியாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை அளந்தாள். அந்த நாட்களில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியின் முன்னால் நின்று சாப்பிட்டாள்.

செஃப்பிடம் கொண்டுபோக வேண்டிய நாளுக்கு முந்தின காலை, அண்ணன் அவித்த முட்டையை இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டு மில்லைக் கேட்டான். சுற்றினான். முட்டையைப் பார்த்தான். மறுபடி சுற்றினான்.

"ஒண்ணும் விழலையே."

"உங்களுக்கு எதுதான் ஒழுங்கா வந்திருக்கு? கொடுங்க இப்படி."

அண்ணி மில்லைப் பிடுங்கி அவன் முட்டைமேல் ஒரு சுற்று சுற்றினாள். மிளகு கொட்டியது.

"எனக்கு ஒழுங்கா வந்தது நீ ஒருத்திதான்," என்றான் அண்ணன், முட்டையை வாயில் போட்டுக்கொண்டே.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. எழுந்திருங்க."

அவன் போனான். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. நானும்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு உணவகத்தின் சமையலறையில் இருந்தோம். புதுச் சமையலறை. எஃகு மேசைகளில் இன்னும் பிளாஸ்டிக் உரிக்கவில்லை. திங்கட்கிழமை திறப்பு. அண்ணியின் திங்கட்கிழமையும் அதுவேதான்.

செஃப் ஒரு மில்லை எடுத்தார். மரத்தைத் தடவினார். "இது படிக்கட்டோட மூணாவது தூண். இந்த முடிச்சு எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார். அண்ணி தலையசைத்தாள். அவள் விரல்கள் மேசை விளிம்பிலிருந்த பிளாஸ்டிக்கை உரித்துக்கொண்டிருந்தன.

நான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வாசல்வரை பின்னால் போய் நின்றேன்.

செஃப் ஒரு வெள்ளைத் தட்டின்மேல் சுற்றினார். ஒன்றும் விழவில்லை. மேல் திருகைத் தளர்த்திச் சுற்றினார். கொஞ்சம் தூசி. இன்னொன்றை எடுத்தார். தூசி. மூன்றாவதை எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே மிளகு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு சுற்றினார்.

"என்னம்மா இது?"

"அரைக்குமே சார். நல்லா அரைக்கும்."

"எனக்கு அரைக்கலையே."

அவர் அதைத் தன் உதவிச் சமையல்காரரிடம் கொடுத்தார். பருமனான ஆள். அவர் சுற்றியதில் மில் கிறீச்சிட்டது. மிளகு வரவில்லை.

"கொடுங்க," என்றாள் அண்ணி. வாங்கிச் சுற்றினாள். தட்டில் சடசடவென்று விழுந்தது.

மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள். செஃப் அதே மில்லை வாங்கிச் சுற்றினார். ஒன்றுமில்லை. அண்ணி வாங்கினாள். விழுந்தது.

"மந்திரிச்சுக் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் உதவிச் சமையல்காரர். "அப்ப மேசைக்கு ஒரு மில்லு, மில்லுக்கு ஒரு நீங்கன்னு இருபத்து நாலு பேரு வரணும்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணியின் கழுத்து சிவந்துவிட்டது. அவள் மறுபடி சுற்றினாள், தேவைக்கு மேல். தட்டு நிரம்பியது.

நான் தொலைவில் நின்றதால்தான் பார்த்தேன். மிளகைப் பார்க்க எனக்கு வழியில்லை. கைகள்தான் தெரிந்தன. செஃப் இடது கையால் மில்லைப் பிடித்து வலது கையால் தலையைத் திருகினார். அண்ணி வலது கையால் பிடித்து இடது கையால் திருகினாள். அவர் கை ஒரு பக்கம் போனது. அவள் கை எதிர்ப்பக்கம் போனது.

"அண்ணி," என்றேன். "கை."

"என்ன கை?"

"உங்க கை."

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். செஃப்பின் வலது கையைப் பார்த்தாள். மில்லை மெதுவாகக் கை மாற்றிக்கொண்டாள். வலது கையால், செஃப் சுற்றிய பக்கம் சுற்றினாள். மில் வெறுமனே சுழன்றது. கூம்பின் பல் மிளகைக் கீழே இழுப்பதற்குப் பதில் மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போது எனக்குத் தும்மல் வந்துவிட்டது. ஆறு தும்மினேன். அந்த ஆறும் முடிவதற்குள் செஃப் மில்களைப் பெட்டியில் திருப்பி வைக்க ஆரம்பித்திருந்தார்.

"ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்துட்டா?" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தலையில, சின்னதா. இந்தப் பக்கம் சுத்தவும்னு."

"சாப்பிட வர்றவங்களுக்குப் பாடம் நடத்த முடியாதும்மா," என்றார் செஃப். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை காலையில மேசை போடறேன். பதினோரு மணி. அதுக்குள்ள சரியா இருந்தா வைப்பேன். இல்லேன்னா கடையில வாங்கி வெச்சுட்டு, உங்க மரத்தை அலமாரியில அழகுக்கு வெச்சுக்கறேன்."

தெருவில் அண்ணி எனக்கு முன்னால் நடந்தாள். பெட்டி என் கையில். ஓட்டமும் நடையுமாகத்தான் அவளைப் பிடிக்க முடிந்தது.

"அப்ப அந்த ஒன்பது செட்?" என்றேன்.

"ஒன்பதும் நல்ல செட்."

"கடைக்காரர்?"

"நல்ல மனுஷன்."

சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தும் அவள் நகரவில்லை.

"எனக்கு நாப்பத்திரெண்டு வயசு பாப்பா. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட இதைச் சொல்லலையே."

"அண்ணன் முட்டையை வெச்சுக்கிட்டுச் சொன்னாரு. கடைக்காரர் கையை நீட்டினாரு. யாரைச் சொல்ல விட்டீங்க நீங்க?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன். பிறகு நடந்தாள், இன்னும் வேகமாக.

பல் டாக்டருக்குப் போன் போட்டோம். மேலே ரயில் போய் முடியும்வரை காத்திருந்து பேசினார்.

"நான் அன்னிக்கே கேட்டேனேம்மா."

"கேட்டீங்க," என்றாள் அண்ணி.

"மறுபடி வெட்டணும்னா ரெண்டு வாரம்."

எங்களிடம் இருந்தது மூன்றே நாள்.

வெள்ளிக்கிழமை காலை உதிரிபாகக் கடை திறக்குமுன்பே கதவருகே நின்றோம். அண்ணி உள்ளே வர மறுத்தாள். "நீ போய்க் கேளு. எனக்கு வாய் வராது." அன்றைக்கு வந்த வாய் இன்றைக்கு எங்கே போனது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நான் மட்டும் போனேன். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். இழுப்பறைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த அம்மா வெளியேதானே நிக்கறாங்க?"

"ஆமா."

"வரச் சொல்லுங்க."

அண்ணி வந்தாள். பையிலிருந்து ஒரு செட்டை, மில்லோடு, அவளாகவே எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிச் சுற்றினார். அதே வெள்ளைத் தாள். மிளகு விழுந்தது. அண்ணி அதைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பருமனைத்தான் அவள் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். பல் டாக்டரின் அரவையைவிட ஒரு இழை நேர்த்தி என்றுகூடச் சொல்லலாம்.

"தப்பாப் பேசிட்டேன்," என்றாள்.

"இடது கைன்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"எனக்கு இது கை. இடது கைன்னு ஞாபகம் வந்தாத்தானே சொல்ல."

கடைக்காரர் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு ஏணியில் ஏறினார். மேல் இழுப்பறையில் பதினைந்து இருந்தது. இன்னொன்றில் ஆறு. எங்களிடம் இருந்த மூன்றையும் சேர்த்தால் சரியாக வந்தது. இறங்கி வந்து பொட்டலம் கட்டும்போது, "இந்தத் தடவையாவது இங்கேயே எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டுப் போங்க," என்றார். "நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்."

அண்ணிக்கு இப்போது நிஜமாகவே சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது. குழி ஞாபகம் வந்திருக்கும்.

குழி ஐந்து மில்லிமீட்டர் அகலம் அதிகம். கடை வளையம் அதில் போட்டால் ஆடும். புது மரம் இல்லை. அறுத்து மிஞ்சிய சில்லுகள் ஒரு சாக்கில் கிடந்தன. அதிலிருந்து இருபத்து நாலு மர வளையம் கடைந்து, குழியில் ஒட்டி, அதற்குள் இரும்பு வளையத்தை உட்கார வைப்பது என்று முடிவு செய்தாள். ஒவ்வொரு மர வளையத்தின் சுவரும் இரண்டரை மில்லிமீட்டர். கடையும்போதே பதினைந்து உடைந்தது. முப்பத்தொன்பது கடைந்து இருபத்து நாலு தேறியது. சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது.

முதல் மில்லைப் பூட்டி, மிளகு போட்டு, வலது கையால் சுற்றினாள். நின்றாள். மறுபடி சுற்றினாள்.

"விழுதா அண்ணி?"

"விழுது. ஆனா ஒண்ணும் தெரியலை."

"என்ன தெரியலை?"

"இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியலை. தடுக்குதா, வழுக்குதா, கடிக்குதா, எதுவும் தெரியலை. யாரோ சுத்தற மாதிரி இருக்கு."

இடது கைக்கு மாற்றி அதே பக்கம் சுற்றிப் பார்த்தாள். மணிக்கட்டு பாதியில் மடங்கி நின்றது. மில்லை மேசைமேல் வைத்தாள். எட்டு அடி போனாள். எட்டு அடி வந்தாள்.

"நீ சுத்து."

"நானா?"

"உன் கை வலது கைதானே?"

"மூக்கு யாருதுன்னும் கேளுங்க."

"மூக்கைக் கட்டிக்கோ."

துண்டை நான்காக மடித்து மூக்கில் கட்டிக்கொண்டேன். கண்ணில் நீர் வழிய, முதல் மில்லைச் சுற்றினேன். அண்ணி என் எதிரே நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? சோறு நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி சொல்லாதே. எங்கேயாவது நிக்குதா?"

"இல்ல. ஒரே மாதிரி போகுது."

"நிச்சயமா?"

"அண்ணி, நம்பலைன்னா அண்ணனைக் கூப்பிடுங்க."

"அவரு ஸ்டீரிங் மாதிரி சுத்துவாரு. அடுத்தது."

ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் அதே கேள்விகள். நான் தும்முவதற்கும் பதில் சொல்வதற்கும் நடுவே அவளுக்குப் பொறுமை இல்லை. எட்டாவதைச் சுற்றும்போது ஒரு இடத்தில் என்னவோ இருந்தது. நிற்கவில்லை. ஒரு சின்ன யோசனை மாதிரி.

"இதுல இருக்கு."

"என்ன?"

"தெரியலை. ஒரு சுத்துக்கு ஒரு தடவை வருது. அதே இடத்துல."

அண்ணி கழற்றினாள். விளக்கடியில் கொண்டுபோனாள். இரும்பு வளையத்துக்கு அடியில், கடுகில் பாதி அளவு, காய்ந்த பசை. வளையம் ஒரு முடியளவு சாய்ந்திருந்தது. அவள் அதைச் சுரண்டினாள். மறுபடி பூட்டினாள். என்னிடம் கொடுத்தாள்.

"இப்ப?"

"போயிடுச்சு."

அதன் பிறகு, நிச்சயமா என்று அவள் கேட்கவில்லை. நான் சொன்னதை மட்டும் கேட்டு, மில்லின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

பதினாறாவதில் இருக்கும்போது அவள் போன் அடித்தது. அவள் இரண்டு கையிலும் பசை. நான் எடுத்து அவள் காதில் வைத்தேன். தொழிற்சாலை மேற்பார்வையாளர். குரல் எனக்கும் கேட்டது.

"திங்கக்கிழமை வர்றீங்க இல்ல?"

"திங்கக்கிழமை காலையில சொல்லட்டுமா சார்?"

"திங்கக்கிழமை காலையில மெஷின் ஓடணும்மா. ஒரு ஆள் வந்து உக்காந்திருக்காரு. இப்பவே சொல்லிட்டா அவரை அனுப்பிடுவேன், இல்ல வெச்சுப்பேன்."

அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். பதினைந்து மில்கள் அடியில் கோடு வாங்கி நின்றன. ஒன்பது பாக்கி. செஃப் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது.

"வெச்சுக்குங்க சார்," என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இல்ல சார். யோசிச்சா வந்துடுவேன்."

நான் போனை அவள் காதிலிருந்து எடுத்தேன். அவள் கையிலிருந்த வளையத்தில் பசை காய ஆரம்பித்திருந்தது. அதை அழுத்தி உட்கார வைத்தாள்.

"அடுத்ததைச் சுத்து," என்றாள்.

பத்து நிமிடம் கழித்து, "நீ போனை எடுத்திருக்கவே கூடாது," என்றாள்.

"நீங்கதானே பதில் சொன்னீங்க."

"எடுத்ததாலதானே சொன்னேன்."

அன்று சாயங்காலம்வரை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். அண்ணன் வந்ததும் அவனிடமும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பாப்பா போனை எடுக்கலைன்னா நீ திங்கக்கிழமை போயிருப்பியா?" என்று கேட்டான். அண்ணி உப்புத்தாளை எடுத்து, ஏற்கெனவே வழவழப்பாக இருந்த ஒரு மில்லைத் தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு உணவகத்தில் இருந்தோம். மேசைகளில் துணி விரித்தாகிவிட்டது. செஃப் எங்களை உட்காரச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, முதல் மில்லை எடுத்துத் தட்டின்மேல் சுற்றினார். விழுந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். திருகைக் கால் சுற்று தளர்த்தினார். சுற்றினார். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார்.

அண்ணிக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. "நான் வெளியே இருக்கேன்," என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடிக் கதவு வழியே அவள் தெரிந்தாள். நடைபாதையில் விளக்குக் கம்பம்வரை போனாள், வந்தாள். போனாள்.

செஃப் அவசரப்படவில்லை. இருபத்து நாலையும் சுற்றினார். தட்டை நான்கு முறை மாற்றினார். எல்லாம் முடிந்து நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணி கம்பத்தின் பக்கம் இருந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அதில் ஒரு மில் உருண்டது. அந்தச் சத்தம்தான் அவளுக்கு முதலில் கேட்டது.

"என்ன திரும்பி வருது?"

"இருபத்து மூணு எடுத்துக்கிட்டாரு அண்ணி. ஒண்ணே ஒண்ணுதான் கொடுத்துட்டாரு."

"ஏன்?"

"மேசையில வெச்சுட்டிருக்காங்க. வந்து பாருங்க. மத்த ரெண்டு ஓட்டலுக்கும் எப்ப முடியும்னு கேக்கறாரு. அடுத்த வாரம் உக்காந்து பேசலாமான்னாரு."

"ஏன் கொடுத்தாருன்னு கேட்டியா?"

"கேக்கலை. இருபத்து மூணு அண்ணி. அதைக் கேளுங்க முதல்ல."

அவள் பெட்டியிலிருந்து அந்த மில்லை எடுத்துவிட்டாள். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். உச்சித் திருகைக் கழற்றினாள். தலையைக் கழற்றினாள். முழங்காலில் கவிழ்த்துத் தட்டினாள். மிளகு தெருவில் உருண்டது. போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"உள்ளே போய்க் கேட்டுட்டு வா."

"முடியாது. அவரு வேலையா இருக்காரு."

"அப்ப இதைப் பிடி," என்று ஸ்பிரிங்கை என் கையில் வைத்தாள்.